இரண்டில் செய்தால் மூன்றில் திறக்கும்

ஜனவரி 6, திங்கள்

இன்று மாவட்டக் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

பதினான்கு பள்ளிகளிலிருந்து பள்ளிக்கு ஒருவர். எல்லாரும் என்னைப் போலக் கணினி லேபுக்குப் பொறுப்பானவர்கள். ஆனால் எல்லாரும் பேசத் தெரிந்தவர்கள். ஒருங்கிணைப்பாளர் திரவியம் சார் திட்டத்தை விளக்கினார். இரண்டிரண்டு பள்ளிகளாக ஜோடி சேர்ப்பார்கள். கட்டளைக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துப் படம் நகர வைக்கும் மென்பொருள் இருக்கிறதே, அதில் ஒரு பள்ளிப் பிள்ளைகள் ஒரு கதையைத் தொடங்க வேண்டும். அடுத்த பள்ளி அதைத் திறந்து, கொஞ்சம் சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இப்படிப் போய்வந்து வளர்ந்த கதைகளுக்குப் பிப்ரவரி 15 அன்று கண்காட்சி.

"எல்லார் லேப்லயும் வெர்ஷன் மூணுதான இருக்கு? மூணு இல்லாத ஸ்கூல அடுத்த வருஷம் சேத்துக்கிடலாம்" என்றார் சார். கேட்டுக்கொண்டே படிவங்களை நீட்டத் தொடங்கிவிட்டார்.

முன்வரிசை தலையாட்டியது. நடுவரிசை தலையாட்டியது. கடைசி வரிசையில் நானும் ஆட்டினேன். எங்கள் லேபில் இருப்பது இரண்டு.

அதோடு நிற்கவில்லை. படிவத்தில் 'பதிப்பு' என்ற கட்டத்துக்குள் 3 என்று எழுதினேன். எங்கள் தெருவில் ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், சாதிச் சான்றிதழ் எதுவானாலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு படிவம்கூடத் திரும்பி வந்ததில்லை. இன்றுதான் முதன்முதலாக ஒரு கட்டத்தில் இல்லாததை எழுதியிருக்கிறேன்.

எங்களோடு ஜோடி சேர்ந்திருப்பது கடற்கரைப் பள்ளி ஒன்று. அங்குள்ள டீச்சர் பெயர் ஜெனோவா. கொண்டையில் பேனா செருகியிருந்தார். "நம்பர் குடுங்க சிஸ்டர், பிச்சிப்புடுவோம்" என்றார். எனக்குப் பயமாக இருந்தது.

ஜனவரி 7, செவ்வாய்

காலை ஏழரைக்கே லேபைத் திறந்து, பெண்டிரைவில் கொண்டுபோன மூன்றை ஏற்றிப் பார்த்தேன். மொத்தம் பதினொரு கணினிகள், ஓடுவது ஒன்பது. ஒன்பதும் ஒரே பதிலைச் சொல்லின: இந்த நிரல் இந்தக் கணினிக்குப் பொருந்தாது. ஒன்பது முறை படித்தேன்.

தலைமையாசிரியை எஸ்தர் ராஜம் டீச்சர் வாசலில் நின்று, "என்னம்மா செண்பகவல்லி, எல்லாம் சரிதான?" என்றார்.

"சரிதான் டீச்சர்."

மறுபடியும் தலையாட்டல்.

ஜனவரி 9, வியாழன்

எட்டாம் வகுப்பிலிருந்து எட்டுப் பெண்கள். கதையை அவர்களே முடிவு செய்தார்கள். எங்கள் கரிசல் காட்டிலிருந்து ஓர் ஆடு தண்ணீர் தேடிக் கிளம்புகிறது. போகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போகிறது. கடைசியில் கடலைப் பார்க்கிறது. அதற்கு மேல் கடற்கரைப் பிள்ளைகள் பாடு.

மென்பொருளில் குதிரை இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது, ஆடு இல்லை. மகராசி குதிரையின் கழுத்தைக் குறுக்கி, வாலை வெட்டி, கொம்பு வரைந்தாள். வகுப்பிலேயே குள்ளம் அவள், சத்தம் மட்டும் மேல்மாடி வரை கேட்கும்.

"ஏட்டி, இது ஆடு மாதிரியா இருக்கு, நம்ம பிடி சார் மாதிரி இருக்கு" என்றாள் நிஷா பர்வீன். பர்வீனுக்கு எல்லாம் அளவாக இருக்க வேண்டும். ஆட்டின் நடையைப் பத்து அடி, பத்து அடியாகப் பிரித்தவள் அவள்தான்.

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. பிடி சார் அந்த நேரம் ஜன்னலைக் கடந்து போனார்.

ஜனவரி 10, வெள்ளி

ஃபைலை அனுப்பினேன். மதியம் ஜெனோவா டீச்சரிடமிருந்து பதில்: 'பார்த்தாச்சு. ஆடு அருமை.' இரண்டில் செய்தது மூன்றில் திறந்துவிட்டது. அப்படியானால் பயமில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். நன்றாகப் பொங்கியது. பிள்ளைகள் நான்கு பேர் கரும்போடு வீட்டுக்கே வந்து, "அவுக அனுப்பிட்டாகளா மிஸ்?" என்றார்கள்.

ஜனவரி 20, திங்கள்

நேற்று, ஞாயிறு மாலை, ஃபைல் வந்தது. இன்று முதல் பீரியடிலேயே எட்டுப் பேரும் ஒரே கணினியைச் சுற்றி நின்றார்கள். திறக்கவில்லை. பெயரை மாற்றிப் பார்த்தேன். வேறு கணினியில் பார்த்தேன். வெள்ளைத் திரைதான்.

மகராசி கேட்டாள்: "நாம குடுத்தத அவுக தொறந்துட்டாக. அவுக குடுத்தத நாம ஏன் மிஸ் தொறக்க முடியல?"

புதிய பதிப்புக்குப் பழையது தெரியும், பழையதுக்குத் தனக்குப் பின்னால் வந்தது எப்படித் தெரியும் என்று சொன்னேன். பர்வீன் தன் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டாள். "எங்க அக்கா சட்டைக்குள்ள நான் நுழைஞ்சிருவேன். என் சட்டைக்குள்ள அவ நுழைய மாட்டா. அப்படியா மிஸ்?"

அப்படித்தான். மூன்று ஆண்டுகள் கல்லூரியில் படித்த எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லை.

"அப்ப நம்மள்ட்ட மூணு இல்லன்னு அவுகளுக்குத் தெரியுமா?" என்றாள் மகராசி.

நான் அந்த வெள்ளைத் திரையை மூடினேன். எட்டுப் பேருக்கும் பதில் கிடைத்துவிட்டது.

அதே நாள், மாலை

என் போனில் உள்ள பிரவுசரில் மூன்று ஓடுகிறது. அதில் ஃபைலைத் திறந்தேன். திறந்ததும் ஒரு நண்டு வந்து, ஆட்டைப் பார்த்து, "வணக்கம் ஆடு அவர்களே" என்றது. கணினியே எழுத்தைப் படித்துச் சொல்லும் குரல், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. அம்மா அடுப்படியிலிருந்து, "யாருளா வந்திருக்கா?" என்றாள்.

திறக்க முடியாவிட்டால் என்ன, பார்த்து எழுதலாமே என்று தோன்றியது. ஒவ்வொரு கட்டையாக நோட்டில் எழுதிக்கொண்டு போனால் பிள்ளைகள் இரண்டில் திரும்பக் கட்டிவிடுவார்கள்.

சின்னத் திரை. எழுதக் குனிந்தால் வரிசை தவறுகிறது. அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கிக்கொண்டாள். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிகளுக்கு லேபிள் பார்த்து அடுக்குகிறவள். எழுத்தைவிட நிறம் அவளுக்குச் சீக்கிரம் கண்ணில் படும்.

"மஞ்சள். நீலம். நீலம். ஊதா. ஏட்டி, ஒரு ஊதாவ விட்டுட்ட பாரு."

பார்த்தேன். விட்டிருந்தேன். நண்டு கொடுக்கைத் தூக்கும் இடம்.

இரண்டு பேரும் அறுபத்து மூன்று கட்டைகளை இப்படி இறக்கினோம். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது போனில் சார்ஜ் தீரப் போனது. அவசரத்தில் அந்தப் பக்கத்துக்கு எழுத்தை விட்டுவிட்டு அம்மா சொன்ன நிறத்தை மட்டும் குறித்துக்கொண்டேன்.

"இதுக்கா மூணு வருஷம் படிச்ச? இது லேபிள் வேலைதான" என்றாள். குரலில் ஒரு பெருமை இருந்தது. அது என் வேலையைப் பற்றியதா, அவள் வேலையைப் பற்றியதா என்று தெரியவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

நாள் முழுக்க ஒன்பது கணினிகளும் ஓடின. ஒரு பெண் நோட்டைப் படிக்க, ஒருத்தி கோக்க, ஒருத்தி சரிபார்க்க. மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழவில்லை.

கடைசிப் பக்கத்தில் சிக்கல். அம்மா 'மஞ்சள்' என்று சொன்ன இடத்திலெல்லாம் பிள்ளைகள் இரண்டில் மஞ்சளாக இருந்த கட்டையைப் போட்டார்கள். ஓட்டினால் நண்டு நிற்கவே இல்லை. ஆட்டைச் சுற்றி, கரையைச் சுற்றி, கடலைச் சுற்றிக் கிறுக்குப் பிடித்தது போல ஓடியது. மூன்றில் மஞ்சள் என்றால் 'தொடங்கு'. இரண்டில் மஞ்சள் என்றால் 'திரும்பத் திரும்பச் செய்'. பதிப்பு மாறும்போது நிறத்தையும் மாற்றியிருக்கிறார்கள். இரண்டில் 'தொடங்கு' பழுப்பு.

வீட்டில் சொன்னேன். "நிறத்த மாத்துனா சொல்ல வேண்டாமா? எங்க ஆபீஸ்ல அப்படிச் செஞ்சா லோடே திரும்பிரும்" என்றாள் அம்மா.

ஜனவரி 22, புதன்

நண்டின் பேச்சு இன்னும் பாக்கி. எழுத்தைப் படித்துச் சொல்லும் கட்டை இரண்டில் கிடையாது.

"அப்ப நாமளே பேசிருவோம் மிஸ்" என்றாள் மகராசி. பழைய ஹெட்போன் மைக் ஒன்று பீரோவில் இருந்தது. ஜன்னல்களைச் சாத்தினோம். நண்டுக்குப் பர்வீன், ஆட்டுக்கு மகராசி.

"வணக்கம் ஆடு அவர்களே" என்று பர்வீன் அப்படியே படித்தாள். மகராசி நோட்டைப் பார்க்கவே இல்லை. "யாருப்பா நீ, ஒரு பக்கமாவே நடக்க? நேரா நடக்கத் தெரியாதா?" என்றாள்.

மைக்கில் எட்டுப் பேர் சிரிப்பும் பதிந்துவிட்டது. அழிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். கடலைப் பார்த்த ஆடு ஒரு வாய் குடித்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணி இருந்தும் குடிக்க ஆகாதா?" என்கிறது. அந்த இடத்தில் மட்டும் மகராசியின் குரல் இறங்கியது. அவர்கள் தெருவில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும்.

அனுப்பியாயிற்று.

ஜனவரி 23, வியாழன்

ஜெனோவா டீச்சர் போன் செய்தார். எடுப்பதற்கு முன் மூன்று முறை மூச்சு விட்டுக்கொண்டேன்.

"ஆட்டுக்குப் பேசுனது யாரு சிஸ்டர்?"

"மகராசின்னு ஒரு பிள்ள, டீச்சர்."

"அவளேவா? உங்க லேப்லயே உக்காந்தா?"

"ஆமா டீச்சர்."

பிறகு, "பிள்ளைங்களே எல்லாம் கோத்ததா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லாருக்கு" என்று வைத்துவிட்டார்.

நம்பவில்லை போலிருக்கிறது. உங்கள் பிள்ளைகள் குரலில் நண்டைப் பேச வைக்கலாமே என்று செய்தி அனுப்பினேன். 'பார்க்கலாம்' என்று பதில்.

ஜனவரி 27, திங்கள்

நேற்று அடுத்த ஃபைல் வந்தது. நானும் அம்மாவும் இறக்கினோம். இந்த முறை நிறத்தோடு எழுத்தும். நண்டு ஆட்டைப் படகில் ஏற்றிவிட்டது. குரல் மட்டும் அதே ரயில் நிலையக் குரல்.

ஜெனோவா டீச்சரின் ஃபைல்கள் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் வருகின்றன. அவர்கள் பள்ளியில் ஞாயிறும் வகுப்பு வைப்பார்கள் போல. எவ்வளவு உழைப்பு.

ஜனவரி 31, வெள்ளி

சுற்றறிக்கை வந்திருக்கிறது. கண்காட்சிக்கு ஒவ்வொரு பள்ளியும் தன் லேப் கணினி ஒன்றையே கொண்டுவந்து, அதிலேயே பிள்ளைகள் கதையை ஓட்டிக்காட்ட வேண்டும். நுழையும்போது பதிப்பைச் சரிபார்ப்பார்கள். அதற்கு முன் 8ஆம் தேதி ஒரு கூட்டம்.

பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன். அவர்களிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது.

"வாசல்லயே திருப்பி அனுப்பிருவாகளா மிஸ்?" என்றாள் பர்வீன்.

"தெரியல."

"ஆடு கடல் வரைக்கும் போயிருச்சு மிஸ். நம்ம வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பவா?" என்றாள் மகராசி. பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க சொல்லலேன்னா நான் வந்து சொல்லுதேன். எனக்கு வாய் இருக்கு" என்றாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஃபைல் வந்தது. படகில் ஆடு வாந்தி எடுக்கிறது. அம்மா பத்து நிமிடம் சிரித்தாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

நாளைக்குச் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். ஐந்து வரி வந்தது. அடித்து இரண்டு வரியாக்கினேன். அம்மா முன்னால் சொல்லிப் பார்த்தேன்.

"யார்ட்ட சொல்லப் போற?"

"பெரிய சார்ட்ட."

"அப்ப ஏன் தரையப் பாத்துச் சொல்லுத?"

பிப்ரவரி 8, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

கூட்டம் பத்தரைக்குத் தொடங்கியது. வழக்கம்போலக் கடைசி வரிசை. ஜெனோவா டீச்சர் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். கொண்டையில் பேனா இருந்தது, முகம் மட்டும் வாடியிருந்தது. திரவியம் சார் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, "எல்லாருக்கும் ஓகேதான?" என்றார். முன்வரிசையில் தலைகள் ஆடத் தொடங்கின.

கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் தெரிந்தது, பேச எழுந்து நிற்க வேண்டும் என்று. நின்றேன்.

"சார், எங்க லேப்ல ரெண்டுதான் இருக்கு. அன்னைக்கு நான் தப்பா எழுதிட்டேன்."

சார் படிவக் கட்டைப் புரட்டி என் படிவத்தை எடுத்தார். "மூணுன்னு போட்டிருக்கீங்களேம்மா."

"ஆமா சார்."

"அப்ப எப்படி ஃபைலத் தொறந்தீங்க?"

"தொறக்கல சார். போன்ல பாத்து, கட்டை கட்டையா எழுதிட்டுப் போயி, பிள்ளைங்க திரும்பக் கட்டுனாங்க."

யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லாருமே. உட்காரலாமா என்று நினைத்தபோது, இரண்டு நாற்காலிக்கு அப்பால் இன்னொரு கை. ஜெனோவா டீச்சர் எழுந்தார்.

"எங்கள்ட்டயும் ரெண்டுதான் சார்."

என் வாய் திறந்தபடியே இருந்தது என்று பிறகு அவர் சொன்னார்.

நடுவரிசையில் ஒரு கண்ணாடிக்காரர், "நாங்களும் சார்." அவருக்குப் பக்கத்தில் ஒருவர் கையை முழுக்கத் தூக்காமல் காதுவரை மட்டும் தூக்கினார். எண்ணி முடித்தபோது ஒன்பது கைகள். பதினான்கில் ஒன்பது.

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் கேட்டப்ப எல்லாரும் தலையாட்டுனீங்களேய்யா."

"படிவத்த நீட்டிக்கிட்டே கேட்டா வேற என்ன சார் செய்ய" என்றார் கண்ணாடிக்காரர். முதலில் சிரித்தது சார்தான்.

சிரித்து முடிந்ததும் அவருக்குக் கவலை வந்தது. "ஒம்பது ஸ்கூல விட்டுட்டு என்ன கண்காட்சி நடத்த? புது கம்ப்யூட்டருக்கு நான் எங்க போவேன்?"

நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். எழுதி வைத்த இரண்டு வரி முடிந்துவிட்டது. இது எழுதாதது.

"சார், ரெண்டுல செஞ்சா மூணுல தொறக்கும். மூணுல செஞ்சா ரெண்டுல தொறக்காது. அதனால எல்லாரும் ரெண்டுலயே செஞ்சு அனுப்பிக்கிட்டா யாரும் வெளிய நிக்க வேண்டாம். மூணு வச்சிருக்கவங்க ஒரு கம்ப்யூட்டர்ல பழைய ரெண்டையும் சேத்து ஏத்திக்கலாம். புதுசு பக்கத்துல பழசு இருக்கும் சார், சண்டை போடாது. பேசுற கட்டை மட்டும் கிடையாது. அதுக்குப் பிள்ளைங்களே பேசிக்கிடுவாங்க."

"ஆடு பேசுன மாதிரி" என்றார் ஜெனோவா டீச்சர்.

அந்த இடத்திலேயே அவர் போனில் எங்கள் கதையை ஓட்டிக் காட்டினார். 'யாருப்பா நீ, ஒரு பக்கமாவே நடக்க' வந்ததும் முன்வரிசை திரும்பி எங்கள் பக்கம் வந்து குனிந்து பார்த்தது. திரவியம் சார் சுற்றறிக்கையைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் எழுதினார்: அனைத்துப் பள்ளிகளும் பதிப்பு இரண்டில்.

வெளியே டீ குடிக்கும்போது ஜெனோவா டீச்சர் சொன்னார்: "உங்க ஃபைலும் மூணுன்னு நெனச்சு எங்க லேப்ல தொறந்தே பாக்கல, போன்லதான் பாத்தேன். மூணு இருக்குற லேப்டாப் என் தம்பியோடது. ஞாயித்துக்கிழமதான் வீட்டுக்கு வருவான். பிள்ளைங்க நோட்டுல படம் போட்டுக் குடுப்பாங்க, நான் தனியா உக்காந்து செய்வேன். நண்டு அவங்களோடது. அது பேசி அவங்க ஒருத்தரும் இன்னும் கேக்கல சிஸ்டர்."

ஞாயிறு வகுப்பு பற்றி நான் நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிவிட்டேன். டீ சிந்தும்படி சிரித்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஜெனோவா டீச்சரிடமிருந்து ஃபைல். செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு. எங்கள் கணினியில் ஒரே சொடுக்கில் திறந்தது. நோட்டும் வேண்டாம், நிறமும் வேண்டாம். எட்டுப் பேரும் கை தட்டினார்கள்.

நண்டு இப்போது ஒரு சிறுமியின் குரலில் பேசுகிறது. பின்னால் கடல் சத்தம் கேட்கிறது. "ஒரு பக்கமா நடந்தாத்தான் ஒன்னையும் பாக்கலாம், கடலையும் பாக்கலாம். நேரா நடக்குற ஒனக்கு என்ன தெரியும்?"

மகராசி பேச்சு இல்லாமல் நின்றாள். நான் இந்தப் பள்ளிக்கு வந்த நான்கு மாதத்தில் முதல் முறை. பிறகு, "மிஸ், மைக்கக் குடுங்க" என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

இரண்டு நாளில் ஏழு முறை போய்வந்துவிட்டது. ஆடும் நண்டும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கின்றன. போதும் என்று நானும் ஜெனோவா டீச்சரும்தான் நிறுத்தினோம்.

பிப்ரவரி 15, சனி

எங்கள் கணினியைப் போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மகராசி மடியிலும் பர்வீன் மடியிலுமாகக் கொண்டு போனோம். அம்மா ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். வாசலில் பதிப்பைச் சரிபார்த்தார்கள். "ரெண்டா?" என்றார்கள். "ரெண்டு" என்றோம், ஒன்பது பேர் ஒரே குரலில். உள்ளே விட்டார்கள்.

எங்கள் மேசையும் கடற்கரைப் பள்ளி மேசையும் அடுத்தடுத்து. மகராசி வயரைச் செருகிக்கொண்டே, "ஏட்டி, பிளக் பாயிண்ட்ட மறைக்காத" என்று யாரையோ அதட்டினாள். பக்கத்து மேசையில் பச்சை ரிப்பன் கட்டிய ஒரு பெண் சட்டென்று திரும்பினாள். இவளைவிடக் குள்ளம்.

"நீதான் ஆடா?"

மகராசி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ நண்டா?"

"ஆமா. அமலி."

"நேராத்தான நடந்து வார?"

"ஒனக்காகத்தான்."

அதற்குப் பிறகு கதையை ஓட்டவே வேண்டியிருக்கவில்லை. அவர்கள் நேரிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். சுற்றிக் கூட்டம். திரவியம் சார் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அம்மா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுக்கொண்டு வந்தவள், ஓரிடத்தில் நிறுத்தி ஜெனோவா டீச்சரிடம் சொன்னாள்: "இந்த ஊதாவ எம்பிள்ள விட்டுட்டாம்மா. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

கிளம்பும்போது அடுத்த ஆண்டுக்கான படிவத்தைக் கொடுத்தார்கள். திரும்பும் ஆட்டோவில் மடியில் வைத்தே நிரப்பினேன். பள்ளி, பெயர், கணினிகள்: பதினொன்று, ஓடுபவை: ஒன்பது. பதிப்பு என்ற கட்டத்தில் 2 என்று எழுதினேன். கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் நிரப்பிய படிவங்கள் எதிலும் அந்தக் கட்டத்தில் ஒருபோதும் ஒன்றும் எழுதியதில்லை, ஒரு கோடு இழுத்துவிடுவேன். இன்று எழுதினேன்: எல்லாருக்கும் திறக்கும்.